படகு டீசலில் புகும் தண்ணீர்

ஒரு கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு டீசல் ஊற்றி, ஒரு கரண்டி தண்ணீர் விட்டு, மூடி நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். தெளிந்திருந்த டீசல் மோர் போலக் கலங்கிவிடும். மேசைமேல் வைத்தால் பெரிய துளிகள் சில நிமிடங்களில் அடியில் சேர்ந்துவிடுகின்றன. மீதிக் கலங்கல் தெளிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். சிறு படகுகளின் எந்திர அறையில், அடியில் கண்ணாடிக் கிண்ணத்துடன் ஒரு வடிகட்டி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது தோன்றக் காரணம் இந்தக் கலங்கல்தான்.

எண்ணெய் எந்திரங்களின் தொடக்க காலத்தில் தண்ணீர் இவ்வளவு பெரிய பகையாக இருக்கவில்லை. ருடால்ஃப் டீசல் 1893-ல் காப்புரிமை பெற்று, 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எந்திரத்தில், அழுத்திய காற்றைக் கொண்டு எண்ணெயை உருளைக்குள் ஊதினார்கள். அதற்குத் தனியாக ஒரு காற்றழுத்தி வேண்டும். தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் அது பொருந்தியது. சிறு படகில் அதற்கு இடமேது? ஆகவே வட ஐரோப்பிய மீனவர்கள் வேறொரு எந்திரத்தை நாடினார்கள். ஆங்கிலேயரான ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890-ல் காப்புரிமை பெற்ற வழியில் வளர்ந்த 'சூட்டுக் குமிழ்' எந்திரம் அது. ஊதுவிளக்கால் ஓர் இரும்புக் குமிழைக் காய்ச்சி, அதன்மேல் எண்ணெயைத் தெளித்தால் எந்திரம் ஓடும். அழுத்தம் குறைவு, பம்பும் முரடானது. மட்டமான எண்ணெயையும் அது ஏற்றுக்கொண்டது. இன்னொரு வேடிக்கை, சுமை அதிகமாகும்போது எண்ணெய் முன்கூட்டியே பற்றிக்கொள்வதைத் தடுக்க, உருளைக்குள் தண்ணீரைச் சொட்டவிடும் வழக்கமே இருந்தது!

நிலைமையை மாற்றியவர் ராபர்ட் போஷ். 1922-ல் அவருடைய நிறுவனம் டீசல் பீச்சு பம்பை உருவாக்கும் பணியில் இறங்கி, 1927-ல் பெருமளவு உற்பத்தியைத் தொடங்கியது. இனிக் காற்றழுத்தி தேவையில்லை. பம்பே எண்ணெயை நூறு வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தத்தில் பீச்சும். டீசல் எந்திரம் லாரிக்கும் சிறு படகுக்கும் வந்ததில் இந்தப் பம்புக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. அந்தப் பம்பின் உந்துதண்டுக்கும் அதன் குழலுக்கும் உள்ள இடைவெளி 2 அல்லது 3 மைக்ரான்தான். நம் தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கசிவைத் தடுக்க வளையம் கிடையாது. உராய்வைக் குறைக்கத் தனி மசகும் கிடையாது. பம்புக்குள் ஓடும் டீசலே மசகு. அங்கே தூசி வந்தால் கீறும். தண்ணீர் வந்தால் மசகுப் படலம் அறுந்து, உலோகத்தை உலோகம் தேய்க்கும். எந்திரம் நின்றிருக்கும் நாட்களில் துருவும் ஏறும்.

தூசிக்கு வழி எளிது. துணியும் கம்பளியும் வடிகட்டிகளாயின. பின்னர் பிசின் ஏற்றிய மடிப்புத்தாள் வந்தது. தண்ணீர்தான் பிடி கொடுக்கவில்லை. அதை அடியில் தங்கவிட்டு இறக்கலாம் என்றால், குறுக்கே வருவது ஸ்டோக்ஸ் 1851-ல் வெளியிட்ட விதி: சிறு துளி கீழிறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். டீசலின் அடர்த்தியையும் பாகுநிலையையும் இட்டுக் கணக்குப் போட்டேன். 100 மைக்ரான் நீர்த்துளி 30 செ.மீ. இறங்க ஏறத்தாழ 17 நிமிடம் ஆகிறது. 10 மைக்ரான் துளிக்கோ 28 மணி நேரம்! அலையில் ஆடும் படகின் தொட்டி அத்தனை நேரம் அசையாமல் இருக்குமா?

விடை பால்பண்ணையில் கிடைத்தது. ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் டி லவால் 1878-ல், பாலைச் சுழற்றி மையவிலக்கு விசையால் ஏட்டைப் பிரிக்கும் பொறியைச் செய்தார். அதே தத்துவத்தில் பெரிய கப்பல்கள் எரிபொருளைச் சுத்தம் செய்கின்றன. சிறு படகில் அப்படி ஒரு பொறியை வைக்க முடியாது. ஆகவே உள்ளே வரும் டீசலின் ஓட்டத்தையே சாய்ந்த தகடுகளால் சுழலவிட்டார்கள். மெதுவாக ஓடும் சிறு எந்திரங்களில் இந்தச் சுழற்சி அப்படியொன்றும் சாதிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முக்கியமான வேலை, துளிகள் தகட்டிலும் நீரை ஒட்டவிடாத தாளிலும் மோதி ஒன்று சேர்வதுதான். 10 மைக்ரான் துளிகள் ஆயிரம் கூடினால் 100 மைக்ரான் துளி ஒன்றாகும். நூறு மடங்கு வேகமாகக் கிண்ணத்தில் விழும்.

1953-ல் கேரளத்தின் நீண்டகரையில் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் எந்திரப் படகுகளைக் கொண்டுவந்தது. அஷ்டமுடி ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரம் அது. இத்தகைய முகத்துவாரத்தில் அலை உடையும்போது எந்திரம் நின்றால் படகு குறுக்கே திரும்பிக் கவிழக்கூடும். எந்திரம் அங்கேதான் நிற்கும் என்பதற்குக் காரணமும் உண்டு. கடல் அமைதியாக இருக்கும்வரை தண்ணீரும் கசடும் தொட்டியின் அடியில் கிடக்கும். கடல் கொந்தளித்தால்தான் அவை கலங்கி, உறிஞ்சுகுழாயின் வாய்க்கு வரும். நல்ல நாளில் பழுதில்லாமல் ஓடிய எந்திரம் கெட்ட நாளில் நிற்பதைத் தலைவிதி என்று விட்டுவிடாதீர்கள்.

எனவே காலையில், எந்திரத்தைக் கிளப்புவதற்கு முன், கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து தெளிந்த டீசல் வரும்வரை ஒரு புட்டியில் பிடியுங்கள். இரவெல்லாம் தங்கியது அப்போது இறங்கும். தண்ணீர் திடீரென்று அதிகமானால் மேல்தளத்து மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அரைத்தொட்டி டீசலோடு பல நாள் நிறுத்தினால், மேலே உள்ள ஈரக்காற்று இரவில் குளிர்ந்தும் நீர் சேரும். கறுப்பாக, வழுவழுப்பான சவ்வு வந்தால் அது கசடு மட்டுமல்ல. நீரும் டீசலும் சந்திக்கும் பரப்பில் வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஆகும். அப்போது தாளை மாற்றினால் போதாது, தொட்டியையே கழுவ வேண்டும்.

தாளை மாற்றும்போது பலர் செய்யும் தவறு, எந்திரத்தை ஒட்டியுள்ள இரண்டாவது வடிகட்டியில் பீப்பாய் டீசலை அப்படியே ஊற்றி நிரப்புவது. அதற்கப்பால் வேறு காவல் இல்லை. கைப்பம்பால் முதல் வடிகட்டி வழியாகவே நிரப்பி, காற்றுக் குமிழ் நிற்கும்வரை மேல்திருகைத் தளர்த்தி வையுங்கள். 1990-களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய பொதுக்குழாய் முறை எந்திரங்களில் அழுத்தம் ஆயிரம் வளிமண்டலத்தைத் தாண்டிவிட்டது. அவை சற்றுத் தண்ணீரையும் பொறுப்பதில்லை. புட்டியில் பிடித்ததைக் கடலில் கொட்டாமல் ஒரு தகர டின்னில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள்.