எலும்புத்தசை

எலும்புத்தசை என்பது எலும்புகளுடன் இணைந்து உடலுக்கு அசைவைத் தரும் தசை வகையாகும். இதயத்தசை, மென்தசை ஆகியன ஏனைய இரு வகைகள். பெரும்பாலும் நமது விருப்பப்படி இயங்குவதால் இது இயக்குதசை எனவும் அழைக்கப்படுகிறது. மனித உடலில் 600க்கும் மேற்பட்ட எலும்புத்தசைகள் உள்ளன. வளர்ந்த ஒருவரின் உடல் எடையில் இவை ஏறத்தாழ 40 விழுக்காடாகும்.

அமைப்பு

தசையானது தசையிழைக் கற்றைகளால் ஆனது. தசைநாண்கள் அதை எலும்புடன் பிணைக்கின்றன. ஒவ்வொரு தசையிழையும் பல உட்கருக்களைக் கொண்ட ஓர் உயிரணு ஆகும். அதனுள் நீளவாக்கில் நுண்ணிழைகள் நிறைந்துள்ளன. நுண்ணிழை என்பது சார்கோமியர் எனப்படும் அலகுகளின் தொடர். இவ்வலகில் ஆக்டின் புரதத்தாலான மெல்லிய இழைகளும் மயோசின் புரதத்தாலான தடித்த இழைகளும் ஒன்றுக்கிடையே ஒன்றாக அமைந்துள்ளன. நுண்ணோக்கியில் குறுக்கு வரிகள் தெரிவதற்கு இவ்வடுக்கே காரணம்.

சுருக்கம்

நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் தசையிழையில் மின்துடிப்பைத் தூண்டுகிறது. இதனால் இழையினுள் சேமிக்கப்பட்டுள்ள கால்சியம் அயனிகள் வெளியாகி டிரோபோனின் புரதத்துடன் இணைகின்றன. அப்போது ஆக்டினை மறைத்திருக்கும் டிரோபோமயோசின் விலக, மயோசின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. இழைகளின் நீளம் மாறுவதில்லை. அவை ஒன்றையொன்று கடந்து வழுக்குவதால் சார்கோமியர் குறுகுகிறது. இக்கோட்பாட்டை 1954 இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரால்ஃப் நீடர்கெர்க் ஆகியோரும், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் ஆகியோரும் தனித்தனியே முன்வைத்தனர். ஹக்ஸ்லி இருவரும் உறவினர் அல்லர்.

ஆற்றல்

அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி., தசையின் நேரடி ஆற்றல் மூலமாகும். இது சிதையும்போது மயோசின் தலை அடுத்த இழுப்புக்கு ஆயத்தமாகிறது. இழுத்து முடித்த தலை ஆக்டினை விட்டு விலகுவதற்கும் புதிய ஏ.டி.பி. மூலக்கூறு வந்து இணைய வேண்டும். கால்சியத்தை மீண்டும் சேமிப்பிடத்துக்குள் ஏற்றவும் ஏ.டி.பி. செலவாகிறது. எனவே, சுருங்குவதற்கு மட்டுமன்றித் தளர்வதற்கும் ஆற்றல் தேவை.

கடும் உழைப்பின்போது தசையிலுள்ள ஏ.டி.பி. சில நொடிகளுக்கே போதுமானது. கிரியேட்டின் பாஸ்பேட் அதனை விரைந்து புதுப்பித்து ஏறத்தாழ 10 நொடிகள் வரை உதவும். அடுத்து கிளைக்கோஜன் ஆக்சிசனின்றிச் சிதைந்து ஆற்றல் தருகிறது. நீடித்த உழைப்பின்போது மைட்டோகாண்டிரியாக்கள் ஆக்சிசனைக் கொண்டு குளுக்கோசையும் கொழுப்பையும் பயன்படுத்துகின்றன. செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கே வேலையாக மாறுகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. குளிரில் உடல் நடுங்குவது இவ்வெப்பத்தைப் பெறுவதற்கே.

இறப்பு விறைப்பு

இறப்பிற்குப் பின் ஏ.டி.பி. உற்பத்தி நின்றுவிடுகிறது. இருப்பு தீர்ந்ததும் மயோசின் தலைகள் ஆக்டினை விட்டு விலக இயலாமல் பூட்டிக்கொள்வதால் சில மணி நேரத்தில் உடல் விறைக்கிறது. பின்னர் புரதங்கள் சிதையும்போது விறைப்பு நீங்குகிறது. சூழலின் வெப்பநிலையைக் கருத்திற்கொண்டு, இறந்த நேரத்தைத் தோராயமாகக் கணிக்கத் தடய மருத்துவத்தில் இவ்விறைப்பு உதவுகிறது.