காசைக் கொடுத்தேன், ஊரை மறைச்சேன்

கொட்டச்சேட்டுல மூணு நாளா விடாத மழை. காபித் தோட்டத்துல வேலை எதுவும் ஓடலை. ரொம்ப நாளா எழுதணும்னு தள்ளிப்போட்ட ஒரு சமாச்சாரத்தை இன்னைக்கு எழுதிடறேன். பழைய காசு சேக்கறவங்களைப் பத்தியும், அவங்களுக்குத் தேடிக் கொடுக்கிற வியாபாரிங்களைப் பத்தியும். நடுவுல நான் செஞ்ச ஒரு தப்பும் வரும்.

இருபது வருஷம் இருக்கும். காபி நாத்து நட குழி எடுத்துக்கிட்டிருந்தோம். ஒரு பழைய பலாமரத்து வேர் இடுக்குல மம்முட்டி 'ணங்'குன்னுச்சு. மண்ணைத் தள்ளிப் பார்த்தா பச்சைக் களிம்பு ஏறின செப்புக் காசு, ஏழு. புளி போட்டுத் தேய்ச்சேன் (இதுவே முதல் தப்பு). நாலு காசுல யானை நின்னுச்சு. மறுபக்கம் புரியாத எழுத்து.

ரெண்டு காசை வீட்டுல வச்சுக்கிட்டு, அஞ்சை எடுத்துக்கிட்டு பஸ் ஏறி சேலம் போனேன். பழங்காசு வாங்கற ஒருத்தரை யாரோ சொல்லியிருந்தாங்க. கண்ணாடியை வச்சு ஒவ்வொண்ணா புரட்டிப் பார்த்தார். "திப்பு சுல்தான் காசுண்ணா. ஸ்ரீரங்கப்பட்டணத்துல அடிச்சது. எங்க கெடச்சுது?"ன்னு கேட்டார்.

எனக்குப் பயம். தாலுகா ஆபீஸ்ல இருந்து வந்து நிலத்தைத் தோண்டுவாங்களோன்னு. "டவுன்ல சொந்தக்காரங்க பழைய வீட்டை இடிச்சப்ப கெடச்சுது"ன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் காசைச் சின்னக் கவர்ல போட்டு, மேல 'சேலம் டவுன், பழைய வீடு'ன்னு எழுதினார். நானூறு ரூபா கொடுத்தார். எனக்குச் சந்தோஷம்.

அந்தக் கவர் மேல எழுதின ஒரு வரிக்கு என்ன மதிப்புன்னு எனக்குப் பல வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

நம்ம ஊர்ல காசு சேக்கறது இன்னைக்கு வந்த பழக்கம் இல்லை. லோவந்தால் என்கிற பாதிரியார் 1888-லேயே திருநெல்வேலிக் காசுகளைப் பத்தி ஒரு புத்தகம் போட்டிருக்கார். அடுத்த வருஷம் 1889-ல, டஃப்னெல் என்கிற பட்டாளத்து கேப்டன், தென்னிந்தியாவில் காசு சேர்ப்பவர்களுக்குக் குறிப்புகள்னு ஒரு புத்தகத்தை மெட்ராஸ்ல வெளியிட்டார். இப்படிப் புத்தகம் போடற அளவுக்கு அப்பவே சேக்கறவங்க இருந்திருக்காங்க. செப்புக் காசுக்கு அப்ப இருந்த பெரிய எதிரி உலைதான். பழைய செம்புன்னு எடை போட்டு வாங்கி, உருக்கி, பாத்திரமா அடிச்சிடுவாங்க. உலைக்குப் போறதுக்கு முன்னாடி வியாபாரி கையில மாட்டின காசுதான் பொழைச்சுது.

வியாபாரியால வரலாறே மாறின கதையும் நம்மகிட்ட இருக்கு. சங்ககாலத் தமிழ் அரசர்கள் தங்கள் பெயரைப் பொறித்து நாணயம் வெளியிட்டார்களா என்பது வெகுகாலம் சந்தேகமாகவே இருந்தது. ரோமாபுரிக் காசுகள் கிடைத்தன, முத்திரைக் காசுகள் கிடைத்தன. பாண்டியர் மீன் போட்ட செப்புக் காசும் இருந்தது. ஆனால் அரசன் பெயர் இல்லை. 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில், வாங்கிச் சேர்த்த காசுகளுக்கிடையே ஒரு சதுரச் செப்புக் காசைக் கண்டார். ஒருபக்கம் குதிரை, அதோடு தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி'. மறுபக்கம் மீன் சின்னம். பாண்டியன் பெயர்! சங்கப் பாட்டில் படித்த பெயர் செம்பிலும் இருந்தது.

அப்புறம் கரூர். அமராவதி ஆத்துல வெள்ளம் வடிஞ்சதும் மணலைச் சலிச்சுக் காசு பொறுக்கறவங்க உண்டு. அவங்க வியாபாரிகிட்ட விப்பாங்க, வியாபாரி சேக்கறவர்கிட்ட கொண்டுபோவார். அந்த வழியில வெளிய வந்ததுதான் தலை உருவத்தோட 'மாக்கோதை'ன்னு எழுதின சேரர் வெள்ளிக் காசும், 'கொல்லிப்புறை'ன்னு எழுதின செப்புக் காசும். கிருஷ்ணமூர்த்தி இதையெல்லாம் தொகுத்து 1997-ல சங்ககாலத் தமிழ் நாணயங்களைப் பத்தி ஆங்கிலத்துல புத்தகமாவே போட்டார். 2021-ல அவர் காலமானார்.

இங்கே ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. மாக்கோதை காசு கரூர் ஆத்துல கெடச்சதுன்னு தெரிஞ்சதாலதான் கரூர்தான் சேரர் வஞ்சின்னு சொன்னவங்க கைக்கு வலு வந்தது. மணல் சலிச்சவர் பயந்துபோய் வேற ஊர் பேரைச் சொல்லியிருந்தா? காசு அதே காசுதான், வெள்ளியும் அதே வெள்ளிதான். ஆனா சாட்சி பொய்ச்சாட்சி ஆகியிருக்கும்.

நான் செஞ்சது அதுதான்.

ஏற்காட்டு வரலாறுன்னு டூரிஸ்ட்டுக்கு என்ன சொல்றாங்க? 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காபிச் செடி கொண்டுவந்தார், அங்கிருந்துதான் கதை ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி இங்க இருந்த மலை ஜனங்களுக்குக் கதையே இல்லாத மாதிரி. சேலம் சீமை 1792 வரைக்கும் மைசூர் ஆட்சியில இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காசு கொட்டச்சேட்டுல பலாமரத்தடியில கெடந்ததுன்னா, எவனோ சாமை, தேன், கடுக்காய்னு எதையோ கீழ்நாட்டுச் சந்தைக்குத் தூக்கிட்டுப் போய் வித்து, கூலியா காசு வாங்கி மலையேறி வந்திருக்கலாம். ஆட்சி மாறின பிறகும் பழைய காசு புழங்கும், அதனால இது ஒண்ணே முழு சாட்சி இல்லை. ஆனா ஒரு கேள்வியாவது எழுந்திருக்கும். அந்தக் கேள்வியை நானூறு ரூபாய்க்கு நானே அழிச்சேன்.

போன வருஷம் மறுபடி அந்த வியாபாரியைத் தேடிப் போனேன். முடி நரைச்சிருந்துச்சு, ஆனா என்னை ஞாபகம் வச்சிருந்தார். உண்மையைச் சொன்னேன். திட்டுவார்னு பார்த்தேன். சிரிச்சார். "பத்துல எட்டுப் பேர் அப்படித்தாண்ணா சொல்றாங்க. பாட்டி பெட்டி, பழைய வீடு. அதனாலதான் நாங்க ஊர் பேரை நம்பறதே இல்லை"ன்னார். அந்த வார்த்தை எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்துச்சு. காசை வாங்கினவருக்குப் போன் பண்ணிச் சொல்றேன்னார். சொன்னாரான்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்.

உங்கள்ல பல பேர் டவுன்ல இருக்கீங்க, உங்க வீட்டுப் பெட்டியிலயும் நாலு காசு இருக்கும். அனுபவப்பட்டவனா சிலது சொல்றேன். காசைக் கழுவாதீங்க, தேய்க்காதீங்க. களிம்போட சேர்ந்து எழுத்தும் போயிடும். வாங்கறதா இருந்தா எடை போட்டுப் பாருங்க. அச்சுல வார்த்த போலிக் காசுல ஊசி குத்தின மாதிரி ஓட்டையும், விளிம்புல ஒட்டுக் கோடும் தெரியும். நூறு வருஷத்துக்கு மேல பழைய காசை நாம வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 சட்டம் விடாது.

மண்ணுல கெடச்சா கலெக்டருக்குச் சொல்லணும். 1878-லயே போட்ட புதையல் சட்டம் அது. பத்து ரூபாய்க்கு மேல மதிப்பிருந்தாலே சொல்லணும். அரசாங்கம் சும்மா பிடுங்கிக்காது. எடுத்துக்கிட்டா பொருளோட மதிப்பும், அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கும் தரணும்னு அதே சட்டத்துல இருக்கு. இது தெரிஞ்சிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன்.

எல்லாத்துக்கும் மேல, எங்க கெடச்சுது, எப்ப, யார் எடுத்தாங்கன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி காசோடயே வையுங்க.

மிச்சம் இருந்த ரெண்டு காசு இப்ப என் மேசையில இருக்கு. ரெண்டையும் சேலத்துக்கு எடுத்துட்டுப் போய் முறைப்படி ஒப்படைக்கப் போறேன். கவர் மேல நானே எழுதிட்டேன்: 'கொட்டச்சேடு. காபிக் குழி எடுக்கும்போது, பலாமரத்தடியில். ஏழில் இரண்டு.'

மழை விட்டதும் முதல் பஸ்ல கிளம்பணும்.