உடைமையும் விழுமியமும்: யூதரின் அறச்சாதனங்கள் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

மரணசாதனம் என்றதும் காணி, வீடு, நகை, பணம் என்பனவே நம் நினைவுக்கு வருவன. ஆயின், பிள்ளைகளுக்கு வாழ்க்கை நெறியை விட்டுச்செல்லும் நோக்குடன் எழுதப்பட்ட சாதனங்களும் வரலாற்றில் உள. மத்தியகால யூதரிடையே இவை ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தன. எபிரேய மொழியில் உயிலைக் குறிக்கும் சொல்லே இவற்றுக்கும் வழங்கிற்று. இஸ்ரேல் ஏபிரகாம்ஸ் இவற்றுட் பலவற்றைத் தொகுத்து 1926இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். இவற்றை அறச்சாதனங்கள் என நாம் வழங்குவோம்.

மரணப்படுக்கையிலே யாக்கோபு தன் புதல்வரை அழைத்துப் பேசியதாக வரும் ஆதியாகமப் பகுதியை இவ்வகையின் தோற்றுவாயாகக் கொள்வது மரபு. அஃது இலக்கிய முன்மாதிரியை விளக்குமேயன்றி, மத்தியகாலத் தந்தையர் ஏன் இத்துணை முனைப்புடன் எழுதினர் என்பதை விளக்காது. அதற்கான விடையைச் சமூக நிலைமைகளிலேயே தேடுதல் வேண்டும். ஐரோப்பிய நிலமானிய அமைப்பில் யூதர் படிப்படியாக நிலவுடைமையினின்றும் கைவினைஞர் சங்கங்களினின்றும் விலக்கப்பட்டனர். 1236இல் பேரரசன் இரண்டாம் பிரெடரிக், ஜேர்மனிய யூதரைத் தன் கருவூலத்துக்குரிய அடிமைகள் எனப் பிரகடனஞ் செய்தான். காவலும் கப்பமும் ஒருங்கே அடங்கிய இவ்வுறவில், தேடிய பொருள் பேரனைச் சென்றடையும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இருக்கவில்லை. பறிக்க முடியாதது எதுவோ அதுவே முதன்மையான சொத்தாயிற்று.

யூதா இப்னு திப்பன் 12ஆம் நூற்றாண்டினர். கிரனடாவிற் பிறந்து, அங்கிருந்து வெளியேறித் தென் பிரான்சின் லூனெல் நகரிற் குடியேறிய மருத்துவர். அரபு நூல்களை எபிரேயத்துக்குப் பெயர்த்த பேரறிஞர். தம் மகன் சாமுவேலுக்கு அவர் எழுதிய சாதனத்திற் பெரும் இடம் பெறுவது நூலகமே. எபிரேய நூல்களை மாதமொருமுறையும் அரபு நூல்களை இரு மாதங்களுக்கு ஒருமுறையும் பார்வையிடுக, மழைநீரினின்றும் எலிகளினின்றும் காக்க, வாங்க வசதியற்றோருக்கு இரவல் கொடுக்க, கொடுத்ததைக் குறித்து வைக்க என்கிறார். செல்வரிடம் ஊதியம் பெறினும் ஏழையருக்கு இலவசமாக மருத்துவஞ் செய்க என்பதும் அவர் கட்டளை. எனினும் இச்சாதனம் அமைதியானதொரு வாழ்த்தன்று. மகன் கல்வியிற் கருத்தின்றி இருக்கிறான், தன்னைக் கலந்தாலோசிப்பதில்லை, தான் செலவிட்ட பொருளை மதிக்கவில்லை என்ற மனக்குறை இதில் இழையோடுகின்றது. தந்தையின் அதிகாரம் தளரும் வேளையிலேயே அது எழுத்தின் துணையை நாடுகிறது எனலாம்.

அடுத்து நாம் நோக்குவது மைன்ஸ் நகர எலியேசரின் சாதனம். அவர் இறந்தது 1357இல். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னர், 1349இல், கொள்ளைநோய்க்கு யூதரே காரணர் என்ற பழியின் பேரில் அந்நகர யூத சமுதாயம் அழிக்கப்பட்டிருந்தது. அத்தகையதொரு காலத்தில் அவர் கூறுவன யாவை? தம் பிள்ளைகள் சமுதாயத்தோடு கூடி வாழவேண்டும்; யூதரிடத்தும் பிறரிடத்தும் ஒரே நேர்மையுடன் கொடுக்கல் வாங்கல் செய்யவேண்டும்; பிறரிடம் இரந்தேனும் ஆண், பெண் இருபாலாருக்கும் கல்வி புகட்டவேண்டும். முன்னையது மகனை மாத்திரம் விளித்தது. இது புதல்வியரையும் விளிக்கின்றது. ஆயினும் புதல்வியருக்கு இல்லப் பணியும் அடக்கமுமே விதிக்கப்படுகின்றன. துன்புறுத்தப்பட்ட சமுதாயம் என்பதனால் அதன் அகத்தே ஆணாதிக்கம் இல்லாதொழிந்துவிடவில்லை.

ஹம்பேர்க்கிற் பிறந்த ஹாமெலன் கிளுக்கெல் (இறப்பு 1724) இம்மரபை வேறொரு திசைக்கு இட்டுச்சென்றவர். கணவர் 1689இல் இறந்தபின், வாணிகத்தைத் தாமே நடத்தியவாறு, பிள்ளைகளுக்காகத் தம் வாழ்க்கை வரலாற்றை யித்திஷ் மொழியில் எழுதலானார். அறநூல் எழுதுவது தம் நோக்கமன்று என்றே அவர் தொடங்குகிறார். கற்ற ஆடவரின் எபிரேயத்தை விடுத்து வீட்டுமொழியில், விதிகளுக்குப் பதிலாக அனுபவத்தை, திருமணப் பேச்சுக்களையும் கடன்களையும் இழப்புக்களையும் அவர் வைத்தார். அவர் கூறும் கதையொன்று குறிப்பிடத்தக்கது. கடலைக் கடக்கும் தாய்ப்பறவையன்று, தந்தைப்பறவை, தன் மூன்று குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சுமந்து செல்கிறது. முதுமையில் உன்னைக் காப்பேன் என்ற இரு குஞ்சுகளையும் பொய்யரென்று கடலில் விடுகிறது. உனக்கு வாக்களிக்க இயலாது, நீ எனக்குச் செய்ததை என் குஞ்சுகளுக்குச் செய்வேன் என்ற மூன்றாவதையே கரைசேர்க்கிறது.

இவற்றை நிலைபேறான மனித ஞானம் என்று போற்றுவோரும் உளர். உடைமை வர்க்கத்தின் கருத்துநிலை என்று ஒதுக்குவோரும் உளர். இரண்டும் ஒருபக்கப் பார்வையே. இவை எழுதத் தெரிந்த, விட்டுச்செல்ல ஏதேனும் இருந்த மருத்துவரும் வணிகரும் எழுதியவை என்பது உண்மை. அவ்வில்லங்களிற் பணிசெய்தோர் தம் பிள்ளைகளுக்கு உரைத்த அறம் நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் வர்க்க எல்லைக்குள் நின்றே இவர்கள் அறிவைப் பகிர்தலையும் வேற்றாரிடத்து நேர்மையையும் வற்புறுத்தினர். அவை அவ்வெல்லையைக் கடந்து செல்லவல்லவை.

விழுமியம் காணிபோற் கைமாறுவதுமன்று. தந்தையாற் கடிந்துரைக்கப்பட்ட சாமுவேலே, மைமோனிடிசின் 'மயங்குவோர்க்கு வழிகாட்டி' என்னும் அரபு நூலை எபிரேயத்துக்குப் பெயர்த்து 1204இல் நிறைவுசெய்து, தந்தையினும் புகழ்பெற்றார். அவர் சாதனத்தை நிறைவேற்றியது கீழ்ப்படிதலாலன்று. தமது காலத்தின் தேவைக்கேற்ப அதை மீளப் படைத்தமையாலேயாம்.

1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிற் சட்டத்தொகுப்பாகிய தேசவழமை, நம்மவர் உடைமையை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பகுத்தது. 2009இல் முடிவுற்ற போரின் ஆண்டுகளில், உறுதிகளைக் கையிலும் காணியைத் தொலைவிலும் வைத்திருந்தோர் நம்மிடையே பலர். காணியைக் குறித்த முதுசம் என்னும் சொல் இன்று பண்பாட்டையும் குறிக்கின்றது. அப்பண்பாட்டில் எதைக் கையளிப்பது, சாதியையும் சீதனத்தையும் போன்ற எவற்றை நம்மோடு நிறுத்திக்கொள்வது என்பதை எழுதிவைக்கும் பொறுப்பு நம் தலைமுறையைச் சார்ந்தது.