அலுவிகாரை உணர்த்தும் உயிர்நட்பு

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அலுவிகாரைக் குகைகளை நம் மாணவர் பலரும் கண்டிருப்பர். வாய்மொழியாக வழங்கிவந்த பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், ஈண்டே ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. அத்தொகுதியில் அடங்கிய சாதகச் செய்யுள்களைப் பிற்கால உரை கதைகளால் விளக்குகின்றது. அவற்றுள் 27ஆம் சாதகக் கதை, உயிர்களின் பிணைப்பு உடல்நலத்தைத் தாங்குமாற்றைக் காட்டுவது.

காசி மன்னனது பட்டத்து யானை நாயொன்றுடன் நட்புப் பூண்டிருந்தது. பாகன் அந்நாயை நாட்டுப்புறத்தான் ஒருவனுக்கு விற்றான். அன்றுதொட்டு யானை உண்ணாது, பருகாது, நீராடாது வாடிற்று. ஆராய்ந்த அமைச்சர் உடற்பிணி யாதுமின்மை கண்டு, துணை பிரிந்த துயரே காரணம் எனத் தெளிந்தார். பறையறைவித்து நாயை மீட்டனர். நாய் உண்ணக் கண்ட பின்னரே யானையும் உண்டது.

ஐரோப்பிய மருத்துவத்தில், 1796 இல் யோர்க் நகரில் வில்லியம் ரியூக் நிறுவிய மனநோயர் இல்லத்தின் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் வளர்க்கப்பட்டன. நோயாளரின் உள்ளத்தில் கனிவு பிறத்தலே நோக்கமாகும்.

இதன் உடலியல் அடிப்படை இருபதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்லப் புலனாயிற்று. கபச்சுரப்பியின் பிற்பகுதிச் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதை 1906 இல் ஹென்றி டேல் கண்டார். அதிலுள்ள ஒக்சிற்றோசின் என்னும் ஓமோனை 1953 இல் டு வின்யோ செயற்கையாக ஆக்கி, 1955 இல் நோபெல் பரிசு பெற்றார். தாய் சேய்ப் பிணைப்பில் அதற்குள்ள பங்கு பின்னர் அறியப்பட்டது. 2015 இல் யப்பானிய ஆய்வாளர், நாயும் வளர்ப்போரும் ஒருவரையொருவர் நெடிது நோக்கியபோது இரு பாலாரிடத்தும் அந்த ஓமோன் மிகுதலைக் கண்டனர். மனிதர் வளர்த்த ஓநாய்களிடத்து அது நிகழவில்லை.

எனினும் அன்பு முழுவதையும் ஓர் ஓமோனில் அடக்குதல் பொருந்தாது. நாய் வளர்த்தல் மனநோய் மருத்துவத்துக்கு ஈடாகவும் மாட்டாது. நாம் கருதத்தக்கது பிறிதொன்று: சாதகக் கதையில் நோயுற்றது விலங்கே. பிணைப்பு இருபாலும் உண்டெனின் பிரிவின் துயரும் இருபாலும் உண்டு. அங்ஙனமாக, சந்தை ஓரத்திலும் கோயில் வாயிலிலும் நாய்க்குட்டிகளைக் கைவிட்டுச் செல்லும் வழக்கம் நம்மிடையே இன்றும் நீங்கியபாடில்லை. விசர்நாய்த் தடுப்பூசியும், இறுதிவரை பேணும் உறுதியும் இன்றி விலங்கை இல்லத்துக்கு அழைத்தல் நட்பாகாது. தன் நாயை இழந்து வகுப்பில் வாடியிருக்கும் சிறுவனை நகையாது, அவ்வமைச்சரைப்போல் காரணம் வினவுதல் ஆசிரியர் கடன்.