இரைப்பையில் கசியும் குருதி



1842-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் தாமஸ் பிளிசார்டு கர்லிங் என்னும் அறுவை மருத்துவர் ஒரு கட்டுரையை வெளியிட்டார். தீப்பட்ட நோயாளிகள் சிலருக்கு முன்சிறுகுடலில் ஆழ்ந்த புண் உண்டாவதை அவர் அதில் விளக்கினார். நெருப்புத் தீண்டியது மேனியை. புண் தோன்றியதோ குடலில்! இஃது எங்ஙனம் நேர்ந்தது? விடை காண நெடுங்காலம் ஆயிற்று.

1932-இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், மூளை நோயுற்றோர்க்கும் இரைப்பையில் புண் தோன்றுவதை எழுதினார். 1936-இல் கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செலியே எலிகளைக் கொண்டு ஆராய்ந்தார். குளிரில் வருந்திய எலிக்கும், காயமுற்ற எலிக்கும், அளவிறந்து ஓடிக் களைத்த எலிக்கும் ஒரே வகையில் இரைப்பை புண்பட்டிருந்தது. துன்பம் எதுவாயினும், உடல் அதற்கு ஒரே முறையில் எதிர்விளைவு காட்டுகிறது என்று அவர் கண்டார்.

இதன் காரணம் இன்று நன்கு விளங்குகிறது. நம் இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. அது இரைப்பையையே அரித்துவிடாதபடி ஒரு சளிப்படலம் காக்கிறது. அப்படலம் நிலைத்திருக்க இடையறாத குருதியோட்டம் வேண்டும். உயிருக்கு இடர் நேரும்போது, உடல் தன் குருதியை மூளைக்கும் இதயத்திற்கும் திருப்பிவிடுகிறது; இரைப்பை வறியதாகிறது. காவலன் இல்லாத கோட்டையை அமிலம் தாக்குகிறது. ஆகவே இங்கே நெருக்கடி என்பது வெறும் மனக்கவலை அன்று. உடல் முழுவதும் படும் பேரிடர்.

தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகிய பின்னர் இத்தொல்லை பெரிதாகப் புலப்பட்டது. செயற்கை மூச்சுக் கருவியில் கிடக்கும் நோயாளி வயிற்று வலியை எடுத்துச் சொல்ல இயலாதவர். குழாயில் குருதி தென்பட்டபின் அறிவதைவிட, முன்னரே தடுப்பது நன்றன்றோ? எனவே அமிலத்தை முறிக்கும் மருந்தை மூக்குக் குழாய் வழியே மணிக்கொரு முறை செலுத்திப் பார்த்தனர். 1976-இல் பிரிட்டனில் சிமெட்டிடின் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. அது அமிலம் சுரப்பதையே குறைத்தது. அதனைக் கண்டறிந்த குழுவின் தலைவர் ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். பின்னர் அதனினும் வலிய ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் முதலியன வந்தன. கடும் நோயாளி என்றால் இம்மருந்து உண்டு என்பது வழக்கமாயிற்று.

ஆயினும் வழக்கம் வேறு, மெய்ப்பிக்கப்பட்ட உண்மை வேறு. இரைப்பை அமிலம் கிருமிகளையும் கொல்வது. அதனைக் குறைத்தால் கிருமி பெருகி நுரையீரல் அழற்சி வருமோ என்ற ஐயம் எழுந்தது. எல்லோர்க்கும் மருந்து வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது.

கனடா நாட்டு மருத்துவர் டெபோரா குக் 1994-இல் 2,252 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவர்களுள் கடுமையாகக் குருதி கசிந்தோர் 33 பேரே. 48 மணி நேரத்திற்கு மேல் மூச்சுக் கருவியில் இருந்தோர், குருதி உறையும் தன்மை குன்றியோர் ஆகிய 847 பேரில் 31 பேருக்கு அது நேர்ந்தது. இவ்விரு குறைகளும் இல்லாத 1,405 பேரில் இருவருக்கே நேர்ந்தது. யாரைக் காக்க வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

மருந்து உண்மையிலேயே காக்கிறதா? 2018-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் ஏறத்தாழ 3,300 பேருள் பாதிப்பேருக்கு பான்டோப்ரசோலும், மற்றோர்க்கு மருந்தற்ற போலியும் தரப்பட்டன. 2024-இல் குக் குழுவினர், மூச்சுக் கருவியில் இருந்த 4,821 பேரை அவ்வாறே ஆராய்ந்தனர். மருந்து பெற்றோருள் 100-க்கு 1 பேருக்கும், பெறாதோருள் 3.5 பேருக்கும் கடும் கசிவு நேர்ந்தது. அஞ்சியபடி நுரையீரல் அழற்சி மிகவில்லை. ஆனால் மரணத்தின் அளவு இரு சாராரிடமும் பெரிதும் வேறுபடவில்லை. மருந்து குருதிக் கசிவைத் தடுத்தது. மூல நோயை வெல்லும் ஆற்றல் அதற்கு இல்லை.

மாணவ நண்பர்களே! பயன் தரும் என்று நம்பிப் பல்லாண்டு கொடுத்துவந்த மருந்தையும் மீண்டும் நிறுத்து அளந்து பார்க்க மருத்துவர்கள் நாணவில்லை. கர்லிங் எழுப்பிய வினாவுக்கு 182 ஆண்டுகள் கழித்தும் எண்ணிக் கணக்கிட்டே விடை தேடினர். பேச இயலாத நோயாளிக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.