படுதாவிலிருந்து நாட்காட்டிக்கு: சி. கொண்டையராஜுவின் மீனாட்சியும் கோவில்பட்டி ஓவியநடையும்

ஆய்வுச் சுருக்கம்

நாட்காட்டி ஓவியர் சி. கொண்டையராஜுவின் (1898–1976) பெண் தெய்வ உருவங்களை ரவிவர்மாவின் வழிவந்தவை என்று மட்டும் கருதுவது வழக்கம். அவற்றின் தனித்தன்மைக்கு நாடகமேடையும் புகைப்பட நிலையமும் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கோவில்பட்டி, நாட்காட்டி ஓவியம், படுதா, மீனாட்சி, சிவகாசி அச்சு

முன்னுரை

மதுரையிலிருந்து மணியாச்சி சந்திப்பை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த கரிசல் நகரம் கோவில்பட்டி. பருத்தியும் தீப்பெட்டித் தொழிலும் வளர்ந்த இந்நகருக்கு நாடகக் குழுக்களும் வந்து சென்றன. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சிலகாலம் தங்கிய கொண்டையராஜு, பின்னர் நாடகக் குழுவுக்குக் காட்சிப் படுதாக்கள் வரைந்தார். 1942இல் அக்குழு கோவில்பட்டியில் கலைந்தபோது அவர் இங்கேயே தங்கினார். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலியோர் அவருடைய மாணாக்கர் ஆயினர்.

மேடையும் ஒளிப்படமும்

தெரு, காடு, அரண்மனை, தர்பார் ஆகிய படுதாக்கள் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் தெளிவாகத் தெரிய வேண்டியவை. எனவே அழுத்தமான புறக்கோடும் அடர்ந்த வண்ணமும் இன்றியமையாதன. அவருடைய நாட்காட்டிப் படங்களில் தூண்களும் திரைகளும் தெய்வத்துக்குப் பின்னே அடுக்கடுக்காக விரிவது இப்பயிற்சியின் பயனே. கோவில்பட்டியில் அவர் ஈடுபட்ட புகைப்படத் தொழில் வேறொன்றைக் கற்பித்தது. அது உருவம் காண்போரை நேர்நோக்கும் நிலை; மாசு மருவற்ற முகம். ஓவியப் பள்ளி அளித்த உடற்கூற்று அறிவோடு இவ்விரண்டும் கலந்தன.

வீரநாயகியை வரைதல்

திருவிளையாடற் புராணத்தின் தடாதகைப் பிராட்டியார் படை நடத்தித் திசைகளை வென்றவர். சிவபெருமானைக் கண்டதும் நாணியவர். கொண்டையராஜு வரைந்த மீனாட்சி திருக்கல்யாணம் போரை அன்று, மணத்தையே காட்டுகிறது. மதுரைக் கோயிலின் கம்பத்தடி மண்டபச் சிற்பத்தில் திருமால் தாரைவார்க்க, இறைவன் கரம்பற்ற, தேவி நடுவில் நிற்கிறாள். ஓவியமும் அம்மரபையே பின்பற்றுகிறது. ஆனால் மாந்தர் ஒருவரையொருவர் நோக்கினும் உடல் காண்போர் பக்கமே திறந்திருப்பது மேடை மரபு. உரையாடும் நடிகர் அவைக்கு முதுகு காட்டுவதில்லை.

சித்திரக்கதை நாயகியின் ஆற்றல் கட்டத்துக்குக் கட்டம் நகரும் செயலில் வெளிப்படும். 1984இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸின் முதல் இதழ் நாயகி மாடஸ்டி பிளைசி இவ்வகையினள். நாட்காட்டி நாயகிக்கோ ஒரே கட்டம். அதுவும் ஆண்டு முழுவதும் சுவரில் நிற்பது. ஆகவே ஆற்றலைச் செயலில் காட்டாமல் நிலையிலும் அணியிலும் அடக்கிக் காட்ட நேர்ந்தது. இதனை ஓவியரின் குறை என்பதினும் ஊடகத்தின் தேவை என்பதே பொருந்தும்.

அச்சும் பரவலும்

1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. அதன் வில்லைகளை அச்சிடும் தேவை பல வண்ண அச்சகங்களை வளர்த்தது. அவை அச்சிட்ட நாட்காட்டிகள் வழியே கோவில்பட்டி ஓவியம் கடைகளையும் வீடுகளையும் அடைந்தது. ஆண்டு முடிந்ததும் தேதித்தாள் நீங்கியது. படமோ சட்டமிடப்பட்டுப் பூசையறைக்குச் சென்றது.

முடிவுரை

பள்ளி, படுதா, ஒளிப்படம், அச்சு ஆகிய நான்கின் சேர்க்கையே கோவில்பட்டி நடை. இதனை ரவிவர்மாவின் நிழலாக மட்டும் கருதினால், பெயரறியப்படாத படுதா ஓவியர்களின் கைத்திறனும் தமிழ்க் கலைவரலாற்றிலிருந்து விடுபட்டுவிடும். நாடக வரலாற்றையும் அச்சு வரலாற்றையும் இணைத்து இவ்வோவியங்களை ஆராய்வது அவ்விடைவெளியை நிரப்பும்.