நாலு பயமும் ஆச்சியின் பயமும்

ஆச்சிக்கு ராத்திரியில் தூக்கம் வராது. பதினோரு மணிக்கு மேல் எழுந்து, ஓரமாக வைத்த சுளகைத் திரும்ப இழுத்துவைத்துக்கொண்டு பீடிக்கட்டுகளை எண்ணுவாள். கட்டுக்கு 25. ஏற்கனவே இரண்டு தடவை எண்ணியாகியிருக்கும். "என்ன ஆச்சி இது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லல, நெஞ்சுக்குள்ள என்னமோ பதறிட்டே கெடக்கு" என்பாள். கீழப்பாவூரில் அப்படிப் பதறிக்கொண்டே பீடி சுற்றிய பெண்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். அது ஒரு நோய் என்று யாரும் நினைத்ததில்லை.

எனக்கு வந்தது வேறு மாதிரி. காலேஜ் இரண்டாம் வருஷம், பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் நெஞ்சு இடிக்க ஆரம்பித்தது. கை மரத்தது, மூச்சு முட்டியது. செத்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். "நார்மல்தான், கேஸா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆச்சி பார்த்த வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "பிள்ள எதையோ பாத்துப் பயந்துட்டான்." திருநீறு போட்டாயிற்று, கயிறு கட்டியாயிற்று. சுவாதி நட்சத்திரத்தன்று நரசிம்மர் கோயிலுக்கும் கூட்டிப்போனாள்.

எங்கள் ஊர் நரசிம்மருக்குப் பதினாறு கைகள். மேற்கே பார்த்து, எதிரே தெப்பக்குளம் இருக்க, இரணியனைக் கிழித்துக்கொண்டிருப்பார். பயம் நீங்க வேண்டிக்கொண்டு வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் அந்தக் கதையில் பிரகலாதனுக்குப் பயமே கிடையாது. தூணைக் காட்டும்போதுகூட நிதானமாக இருக்கிறான். பயந்தவன் இரணியன்தான். எதனால் சாவு வரக்கூடும் என்று ஒவ்வொன்றாக யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம் வாங்கிவைத்தவன். இப்போது யோசித்தால் எனக்கு அவனைத்தான் நன்றாகப் புரிகிறது.

"எதையோ பாத்துப் பயந்துட்டான்" என்கிற ஆச்சியின் வாக்கியத்துக்குப் பின்னால் பழைய இலக்கணம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், மிருகம், திருடன், நமக்கு மேலே அதிகாரத்தில் இருப்பவன். அபாரமான பட்டியல். ஆனால் நான்குமே வெளியே இருப்பவை. பஸ்ஸில் என் பக்கத்தில் பேயும் இல்லை, புலியும் இல்லை. ஆச்சியின் பயத்தையாவது நாலாவதில் சேர்க்கலாம். பீடிக்கடையில் கழிவு என்று எத்தனையைத் தள்ளுவார்கள், வட்டிக்காரர் என்றைக்கு வருவார் என்பதெல்லாம் அதில் அடக்கம். ஆனால் கடன் முழுக்க அடைந்த பிறகும் அவள் எண்ணிக்கொண்டுதானே இருந்தாள்!

பொருளே இல்லாத இந்தப் பயத்துக்கு மருத்துவமும் வெகு தாமதமாகத்தான் பெயர் வைத்தது. சென்னையில் 1794-லேயே மனநோயாளிகளுக்கான காப்பகம் வந்துவிட்டது. 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. அங்கே அடைக்கப்பட்டவர்களுக்கு ஊர் வைத்திருந்த பெயர் பைத்தியம். வேலைக்குப் போய்க்கொண்டு, சோறு பொங்கிக்கொண்டு, உள்ளுக்குள் பதறுகிறவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. அதே 1871-ல் அமெரிக்க மருத்துவர் டா கோஸ்டா, உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது. இதயத்திலோ கோளாறு எதுவும் அகப்படவில்லை. என் இ.சி.ஜி. கதையேதான். 1895-ல் பிராய்ட், பொதுவான நரம்புத் தளர்ச்சியிலிருந்து பதற்ற நோயைத் தனியாகப் பிரித்தார்.

(நாம் எல்லோரும் 'பதட்டம்' என்றுதான் எழுதுகிறோம். பதறு என்பதிலிருந்து வருவதால் 'பதற்றம்'தான் சரி என்பார்கள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், படபடப்பு ஒன்றும் குறையவில்லை.)

என் பயமும் ஆச்சியின் பயமும் ஒன்றல்ல என்பது தெளிவாக இன்னும் நாளானது. 1960-களின் தொடக்கத்தில் டொனால்ட் கிளைன் என்ற நியூயார்க் மருத்துவர், இமிப்ரமின் மாத்திரை திடீரென்று தாக்கும் பீதியை நிறுத்துகிறது, நாள் முழுக்க இருக்கும் கவலையை அவ்வளவாகத் தொடுவதில்லை என்று கவனித்தார். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டுடைய மூன்றாம் பதிப்பு இரண்டையும் தனித்தனி நோய்களாக்கியது. தீராக் கவலைக்கு முதலில் ஒரு மாதம் என்று வரம்பு வைத்தார்கள். 1987-ல் அதை ஆறு மாதமாக்கினார்கள். ஆச்சியின் கணக்கு நாற்பது வருஷம்.

எனக்குக் கைகொடுத்தது கிளேர் வீக்ஸ். ஆஸ்திரேலிய மருத்துவர். இளம் வயதில் காசநோய் என்று தப்பாகச் சொல்லி அவரைச் சானடோரியத்தில் போட்டார்கள். வெளியே வரும்போது ஓயாத நெஞ்சுத் துடிப்பும் கூடவே வந்தது. முதல் உலகப் போருக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் அவரிடம் சொன்னாராம்: பதுங்குகுழியில் எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது, நீ துடிப்பைப் பார்த்துப் பயப்படுகிறாய், அந்தப் பயம்தான் அதை மேலும் துடிக்கவைக்கிறது என்று. 1962-ல் வீக்ஸ் எழுதிய புத்தகத்தின் சாரமும் அதுதான். எதிர்த்து மல்லுக்கட்டாதே, ஓடாதே, வரட்டும் என்று விடு, நேரம் போகட்டும். பின்னால் வந்த நடத்தை சிகிச்சையாளர்களும் வேறு வழியில் வந்து, தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும் என்றே சொன்னார்கள். பீதி பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாக இறங்கும். நான் பஸ்ஸை விட்டு இறங்கிய ஒவ்வொரு தடவையும், இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று என் உடம்புக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

ஆச்சிக்கு இது பொருந்தாது. அவளுடையது ஏறி இறங்கும் அலை இல்லை, தேங்கிக் கிடக்கும் தண்ணீர். அந்த மாதிரிக் கவலைக்குப் பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. தேசிய மனநலத் திட்டம் 1982-லேயே வந்தது. அதன் மாவட்டத் திட்டம் 1996-ல். இரண்டும் அமலில் இருந்த காலத்தில் அவள் பீடிதான் சுற்றிக்கொண்டிருந்தாள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 தொடங்கிய 2022 அக்டோபரில் அவள் இல்லை. இருந்திருந்தாலும் போன் போட்டு என்ன சொல்லியிருப்பாள்? "ஒண்ணுமில்ல" என்றுதான் ஆரம்பித்திருப்பாள்.

அவள் போன பிறகு சுளகைப் பரணில் ஏற்றும்போது, அதன் அடியில் கடைசியாக எண்ணிவைத்த கட்டுகள் கிடந்தன. பிரித்து எண்ணிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சரியாக 25.